செட்டில் ஆன கனகதாஸ்

கனகதாஸ் எந்தப் பொருளையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. மீனுக்குப் பேசுவான். செருப்புக்குப் பேசுவான். பல் பிடுங்கப் போன இடத்தில் வாயைத் திறந்துவைத்தபடியே பேசினான். ஐம்பது ரூபாய் குறைந்தது. ஒருமுறை பஸ் கண்டக்டரிடமும் பேசிப் பார்த்தான். தான் தோற்ற ஒரே இடம் அதுதான் என்று அவனே சொல்வான்.

பாறசாலையிலிருந்து தனுவச்சபுரம் போகும் சாலையில் அவனுக்கு வாடகைச் சாமான் கடை இருந்தது. நாற்காலி, மேசை, சமையல் பாத்திரம், பந்தல் துணி. கல்யாணமோ சாவோ, அங்கிருந்துதான் நாற்காலி போகும். தன் வாடகையில் அவன் யாருக்கும் ஒரு ரூபாய் குறைத்ததில்லை. இதில் முரண் ஏதும் இருப்பதாக அவனுக்குத் தோன்றியதுமில்லை.

அவன் மனைவி பிஜி பேரம் பேசமாட்டாள். அவள் வேலை அப்படி. பாறசாலை ரயில் நிலையச் சாலையில் ஈசாக் சாருடைய லேபில் பதினான்கு வருடமாக ரத்தம் எடுக்கிறாள். சர்க்கரை இருநூற்றுப் பத்து என்று வந்தால், "ஒரு முப்பது குறைச்சு எழுது மக்கா, மருமவ பாத்தா சோறு தரமாட்டா" என்று கேட்பவர்கள் உண்டு. பிஜி சிரிப்பாள். சிரித்துக்கொண்டே இருநூற்றுப் பத்து என்று எழுதுவாள்.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஈசாக் சார் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவருக்கு வயது அறுபத்தெட்டு. மகள் கனடாவில்.

"நானும் அவளும் போறோம். இனி வரவு இல்ல," என்றார். அவள் என்றது அவர் மனைவியை. "லேபை ஆறு லட்சத்துக்குக் குடுக்கலாம்னு இருக்கேன். மெஷின், ஃப்ரிட்ஜ், மைக்ராஸ்கோப், ரூமுக்க அட்வான்ஸ், எல்லாம் சேத்து. நெய்யாற்றின்கரையில ஒருத்தர் கேட்டிருக்காரு. நீ எடுத்தா எனக்குச் சந்தோஷம்."

"அவரு எடுத்தா, சார்?"

"அவருக்க மக லேப் டெக்னீஷியனாக்கும்."

பிஜிக்குப் புரிந்தது. லேப் போனால் வேலையும் போகும்.

"ஜூன் பத்துக்கு எனக்கு டிக்கெட். அதுக்கு முன்ன சொல்லணும்."

அவளிடம் ஐம்பதாயிரம் இருந்தது. சீட்டுப் பிடித்துச் சேர்த்தது. மீதி ஐந்தரை லட்சத்துக்கு லோன் போடவேண்டும். வீட்டுப் பத்திரம் கனகதாஸ் பேரில் இருந்ததால், அவனும் சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டும்.

"அதுக்கென்ன, போடுதேன்," என்றான் கனகதாஸ். "எனக்கு பாங்கில நல்ல பேராக்கும்."

*

பாறசாலை வங்கியில் கடன் பிரிவைப் பார்த்துக்கொண்டவன் பிரதீஷ். அவன் கல்யாணத்துக்கு நாற்காலி போட்டது கனகதாஸ். முழு வாடகையும் வாங்கியிருந்தான். இருந்தாலும் பிரதீஷ் மரியாதையாகக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, ஒரு சிக்கல் உண்டு. அக்காவுக்க சிபில் ஸ்கோர், அதாவது கடன் கட்டின மார்க்கு, பிரச்சனை இல்ல. உங்களுக்கதுதான். பழைய வண்டி லோன் ஒண்ணு இருந்துதா?"

"இருந்துது. முடிஞ்சு அஞ்சு வருஷம் ஆச்சு."

"அதுலதான் செட்டில்டுன்னு வருது." கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான்.

கனகதாஸ் குனிந்து பார்த்தான். ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்லை அவனுக்கு நன்றாகத் தெரியும். முகம் மலர்ந்தது.

"பாத்தியா பிஜி? கம்ப்யூட்டர்ல வரைக்கும் ஏறியாச்சு."

அந்தக் கதை பிஜிக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். சாமான் ஏற்ற வாங்கிய வண்டி இரண்டாம் வருடமே படுத்துவிட்டது. தவணை நின்றது. கடன் வட்டியோடு ஒரு லட்சத்து எண்பத்து மூவாயிரத்துக்கு வளர்ந்தது. நெய்யாற்றின்கரையில் வராக்கடனைப் பேசி முடிக்கும் அதாலத் நடந்தபோது வங்கிக்காரர்கள் இவனைக் கூப்பிட்டார்கள். காலை பதினொரு மணிக்கு உட்கார்ந்தவன் மதியம் இரண்டரைக்கு எழுந்தான். மத்தியஸ்தம் செய்த ஓய்வுபெற்ற நீதிபதி நடுவில் ஒருமுறை சாப்பிடப் போய் வந்தார். முடிவு தொண்ணூற்றைந்தாயிரம். எண்பத்தெட்டாயிரம் தள்ளுபடி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சாட்சி சொல்ல எழுந்து நின்றான். மைக்கை வாங்கி, கர்த்தர் தனக்கு எண்பத்தெட்டாயிரம் தள்ளித் தந்ததாகச் சொன்னான். கடைசி ஒரு மணி நேரம் எப்படிப் பேசினான் என்பதையும் சொன்னான். ஸ்தோத்திரக் காணிக்கை ஐந்நூறு வைத்தான்.

"எண்பத்தெட்டாயிரத்துக்குத் தசமபாகம் எட்டாயிரத்து எண்ணூறு," என்றாள் பிஜி வீட்டுக்கு வரும் வழியில்.

"அது வருமானத்துக்கு. இது தள்ளுபடியாக்கும்."

வங்கி தந்த கடிதத்தை லேமினேட் செய்து வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் வைத்தான். மகள் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பைக்குப் பக்கத்தில்.

இப்போது பிரதீஷ் நெற்றியைத் தடவிக்கொண்டான்.

"அண்ணே, செட்டில்டுன்னா நல்ல வார்த்தை இல்ல."

"பின்ன? பெண்ணு பாக்கப் போனா பையன் செட்டில்டான்னுதானே கேக்குதாங்க?"

"அது கல்யாணத்துக்கு. இங்க வேற. முழுசாக் கட்டினா க்ளோஸ்டுன்னு வரும். செட்டில்டுன்னா, இவரு முழுசாத் தரமாட்டாரு, கிடைச்சது போதும்னு பாங்கு கும்பிடு போட்டு எழுந்து போச்சுன்னு அர்த்தம்."

கனகதாஸ் திரையை மறுபடி பார்த்தான். அதே சொல்தான்.

"அப்பம் எனக்க பேரு?"

"ஏழு வருஷம் இப்படிக் கிடக்கும். ரெண்டு வருஷம் பாக்கி உண்டு."

"இதுக்கு வழியே இல்லியா?" பிஜி கேட்டாள்.

"ஒண்ணு உண்டு. அந்த பாங்கில போய், தள்ளுன பைசாவைக் கட்டி, க்ளோஸ்டுன்னு மாத்தி, கடிதம் வாங்கிட்டு வரணும். கடிதம் இருந்தா நான் மேல எழுதுதேன். ஆனா" என்று நிறுத்தி கனகதாஸைப் பார்த்தான். "அப்படிக் கட்டின ஆளு ஒருத்தரையும் நான் பாத்ததில்ல."

*

ஸ்கூட்டரில் திரும்பும்போது ரயில்வே கேட்டில் நிற்கவேண்டியதாயிற்று. கேட் மூடியிருந்தது.

"ரெண்டு வருஷம்தானே பாக்கி," என்றான் கனகதாஸ்.

"ஆமா. ஈசாக் சார்கிட்ட சொல்லுங்க, கனடாவுக்கு ரெண்டு வருஷம் கழிஞ்சு போவட்டும்னு. நல்லாப் பேசுவீங்களே."

அவன் முன்னால் நின்ற லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று நாள் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. லேமினேட் செய்த கடிதத்தை அலமாரியிலிருந்து எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். எல்லாமே நல்ல வார்த்தைகளாகத்தான் இருந்தன. முழுமையான, இறுதியான, சுமுகமான.

"கேக்காத கடனை ஆராவது கொண்டு குடுப்பாங்களா?" என்று மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டில் கேட்டான்.

"நான் ஒண்ணும் கேக்கல்லியே."

"நீ கேக்கல்ல. பாங்கும் கேக்கல்ல. ஆரும் கேக்கல்ல. அதாக்கும் எனக்குக் கஷ்டம். கேட்டாத்தானே குறைக்க முடியும்?"

பிஜி அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு அவள் லேபுக்குக் கிளம்பியபோது அவன் எழுந்து சட்டை போட்டிருந்தான்.

"பத்து மணிக்கு ஒரு மணிக்கூர் லீவு சொல்லிட்டு வா. நெய்யாற்றின்கரைக்குப் போவோம்."

*

அந்த வங்கியில் பழைய மேலாளர் மாறிப் போயிருந்தார். இப்போது அந்த இடத்தில் இருந்தவளின் பேர் அஞ்சு. வடக்கே எங்கோ ஊர். முப்பத்திரண்டு வயது இருக்கும். தமிழ் புரியும், பேசினால் பாதி மலையாளமாக வரும். கனகதாஸ் தன் மலையாளத்தில் விஷயத்தைச் சொன்னான். அவள் கேட்டுவிட்டு பேனாவைக் கீழே வைத்தாள்.

"சேட்டனு லோன் வேணோ?"

"இல்ல. லோன் அடைக்கணும்."

"ஏது லோன்?"

"நீங்க தள்ளின லோன்."

அவள் பழைய கணக்கைத் தேடி எடுத்தாள். நேரமாயிற்று. உள்ளேயிருந்து காசாளர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு இன்னொருவரும் வந்து பார்த்தார். அதாலத்தில் இருந்த எழுத்தர் கனகதாஸை அடையாளம் கண்டு சட்டென்று திரும்பி நடந்தார்.

"எண்பத்தெட்டாயிரம்," என்றாள் அஞ்சு. "மேலே ஆபீசுக்கு எழுதிக் கேக்கணும், இது வாங்காமோன்னு. இதுவரெ ஆரும் இங்ஙனெ வந்நிட்டில்ல."

பிஜி நன்றி சொல்லி எழுந்தாள். கனகதாஸ் எழவில்லை. மேசைமீது கைகளைக் கோத்து வைத்தான். பிஜிக்கு அந்தக் கை தெரியும். காஞ்சிரங்குளத்து மீன்காரிகளுக்கும் தெரியும்.

"மேடம், நானாவே வந்து குடுக்கியேன். அஞ்சு வருஷம் கழிஞ்சு. ஒரு எழுபத்தஞ்சுல முடிக்கலாம் இல்லியா?"

அஞ்சு அவனைப் பார்த்தாள். சிரிக்கக்கூடாது என்று பயிற்சி பெற்றவள்போல உதட்டை மடித்துக்கொண்டாள்.

"சேட்டா, ஞான் குறச்சால் அது பின்னெயும் செட்டில்டு ஆவும்."

கனகதாஸ் கைகளைப் பிரித்தான். தோற்ற இடங்கள் இரண்டாயின.

*

மேலே இருந்து பதில் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அதற்குள் பணம் வேண்டும். கடைப் பெட்டியில் பன்னிரண்டாயிரம் இருந்தது. ஊரில் வாடகை நிலுவை பத்தொன்பது பேரிடம், கூட்டினால் ஐம்பத்தோராயிரம். கனகதாஸ் ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஐந்து வீடு ஏறிவிட்டு வெறுங்கையோடு வந்தான்.

"அஞ்சு பேரும் பாதிதான் தருவாங்களாம். நான் சொன்ன சாட்சியை எனக்கே திருப்பிச் சொல்லுதாங்க."

"சாட்சின்னா அப்படித்தான். நாலு பேருக்குப் பிரயோஜனப்படணும்."

"நீ சிரிச்சுக்கோ."

"சிரிக்கல்ல. வர ஞாயிற்றுக்கிழமை நானும் வாறேன்."

ஆராதனை முடிந்ததும் முதலில் தங்கையன் வீட்டுக்குப் போனார்கள். அவர் மகள் கல்யாணத்துக்கு எடுத்த நாற்காலி, பாத்திர வாடகை ஏழாயிரத்து நானூறு. இரண்டு வருடம் ஆகிறது. தங்கையன் சர்ச்சுக்குப் போகிறவர் அல்ல. ஆனால் சர்ச் ஒலிபெருக்கி அவர் வீட்டைப் பார்த்துத்தான் இருந்தது.

"எலே கனகா, நீ பாங்குக்குப் பாதி குடுத்து முடிச்சேன்னு மைக்ல சொன்னியே. எனக்க அடுக்களை வரைக்கும் கேட்டுது. உனக்கு உனக்க சாமி தள்ளுனாரு. எனக்கு நீ தள்ளு."

கனகதாஸ் வாயைத் திறந்தான். பிஜி முந்திக்கொண்டாள்.

"சரி மாமா. பாதியே தாருங்க."

தங்கையனுக்கே அது எதிர்பாராதது. உள்ளே போய் மூவாயிரத்து எழுநூறை எண்ணிக் கொண்டுவந்தார். பிஜி ரசீது எழுதினாள். பைக்குள்ளிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, அடியில் பெரிதாக ஒரு சொல் எழுதினாள்.

"இது என்ன மக்கா?"

"செட்டில்டு."

"கொள்ளாம். நல்ல வார்த்தையாக்கும். எனக்க மருமவனைப் பத்தியும் அப்படித்தான் சொன்னாங்க."

"அந்தச் செட்டில்டு வேற, மாமா. இது, இவருகிட்ட இனி பைசா பேராதுன்னு நாங்க கும்பிடு போட்டுட்டுப் போறோம்னு அர்த்தம். முழுசாத் தந்தா க்ளோஸ்டு. பாங்குல எல்லாம் இப்படித்தான்."

"போறது போவட்டும். எனக்கென்ன?"

"ஒண்ணும் இல்ல. கடைச் சுவர்ல ரெண்டு பட்டியல் ஒட்டப் போறோம். க்ளோஸ்டு ஒரு பக்கம், செட்டில்டு ஒரு பக்கம். அடுத்த தடவை நாற்காலி கேட்டு வந்தா பட்டியலைப் பாத்துட்டு இறக்குவோம்."

அப்படிப் பட்டியல் எதுவும் ஒட்டுவதாகக் கனகதாஸுக்குத் தெரியாது. அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

தங்கையன் ரசீதைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"பேரு போட்டா ஒட்டுவ?"

"பேரு, வீட்டுப் பேரு ரெண்டும்."

"எனக்க மருமவன் டெய்லி அந்தக் கடை வழியாக்கும் வேலைக்குப் போறது."

"தெரியும் மாமா. நல்ல மனுஷன். நின்னு வாசிச்சிட்டுத்தான் போவாரு."

தங்கையன் மறுபடி உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. வந்தபோது மீதி மூவாயிரத்து எழுநூறு கையில் இருந்தது.

"இந்தச் சிவப்பை வெட்டு."

"வெட்டமாட்டேன். புதுசு எழுதித் தாறேன்."

"எலே," என்றார் தங்கையன் கனகதாஸிடம், "உன்னைக் காட்டிலும் இவ கொள்ளாம்."

செய்தி அவர்களுக்கு முன்னாலேயே போய்விட்டது. பெண்கள் சங்கச் செயலாளர் புஷ்பபாய் தன் வீட்டுக் கேட் அருகில் நின்றிருந்தார். சங்க ஆண்டுவிழாவில் உடைந்த இரண்டு நாற்காலிக்கு முந்நூற்றைம்பது பாக்கி. அது உடைந்தே வந்தது என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

"பிஜி, சங்கத்துக்க பேரை எந்தப் பக்கம் போட்டிருக்கே?"

"இன்னும் போடல்ல சித்தி."

"க்ளோஸ்டுல போடு. பெரிய எழுத்துல போடணும், கேட்டியா?"

சாயங்காலத்துக்குள் பதினைந்து பேர் முழுதாகத் தந்தார்கள். இரண்டு பேர் வீட்டில் இல்லாததுபோல இருந்தார்கள். ஒருவர் பாதி தந்து சிவப்பு ரசீதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவருக்கு வாசிக்கக் கண்ணாடி இல்லை. இன்னொருவன் ஜித்தின். இருபத்தெட்டு வயது, கேட்டரிங் வேலை. பாதியைத் தந்துவிட்டு, செட்டில்டு என்று கொஞ்சம் தெளிவாக எழுதித் தரும்படி கேட்டான்.

"உனக்கு எதுக்குலே இது?" என்றான் கனகதாஸ்.

"பெண்ணு பாக்குதாங்க அண்ணே. ரெக்கார்டா ஒண்ணு இருக்கட்டும்."

பட்டியல் ஒட்டியே தீரவேண்டியதாயிற்று. மறுநாள் காலையிலேயே நான்கு பேர் தங்கள் பேரைப் பார்க்க வந்துவிட்டார்கள்.

*

எண்ணியபோது நாற்பத்து மூவாயிரம் இருந்தது. பெட்டியில் இருந்த பன்னிரண்டும் சேர்ந்து ஐம்பத்தைந்து. இன்னும் முப்பத்து மூன்று வேண்டும். பிஜி பீரோவைத் திறந்து, தன் ஐம்பதிலிருந்து எண்ணி எடுத்து மேசைமேல் வைத்தாள்.

கனகதாஸ் தொடவில்லை.

"இது லேபுக்கு வச்சதில்லியா?"

"லோன் கிடைக்கல்லேன்னா லேப் எங்க?"

"லோன் அஞ்சரைதான் கேட்டிருக்கு. பிறவு முப்பத்து மூணு குறையுமே."

"குறையட்டும். சார்கிட்ட மூணு மாசம் தவணை கேப்பேன். கனடாவுக்கு அனுப்பித் தாறேன்னு சொல்லுவேன்." நிறுத்தி, "இது உங்களுக்குக் கடனாக்கும். முழுசாத் திருப்பித் தரணும்," என்றாள்.

"உனக்ககிட்ட எனக்கு எவ்வளவு ஸ்கோர்?"

"பாத்துட்டுச் சொல்லுதேன்."

மே இருபத்திரண்டாம் தேதி பணத்தைக் கட்டினார்கள். காசாளர் இரண்டுமுறை எண்ணினார். அஞ்சு கடிதத்தைக் கொடுத்தபோது கனகதாஸ் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான்.

"செட்டில்னு எங்கயாவது உண்டா மேடம்?"

"இல்ல சேட்டா. ஒரிடத்தும் இல்ல."

அதாலத் எழுத்தர் இந்தமுறை திரும்பி நடக்கவில்லை. தூரத்தில் நின்று தலையை அசைத்தார்.

பிரதீஷ் கடிதத்தை வாங்கி மேலே எழுதினான். ஸ்கோர் ஏற இரண்டு மாதம் ஆகும், ஆனால் கடிதம் போதும் என்றான். ஜூன் நான்காம் தேதி லோன் பாஸாயிற்று. ஐந்தரை லட்சம். ஒரு ரூபாய் கூடக் கூட்ட முடியாது என்றும் சொன்னான். கனகதாஸ் கேட்கவில்லை, பிஜிதான் கேட்டாள்.

*

மறுநாள் சாயங்காலம் ஈசாக் சார் வீட்டுக்குப் போனார்கள். மழை விட்டிருந்தது. கூடத்தில் மூன்று பெரிய பெட்டிகள் திறந்து கிடந்தன. ஒன்றில் முழுக்கக் கம்பளிச் சட்டைகள். சார் மனைவி காப்பி வைக்க உள்ளே போனார். போகும்முன் கணவரைப் பார்த்து ஒரு கண்ஜாடை காட்டிவிட்டுப் போனார். பிஜி அதைக் கவனித்தாள்.

தவணை கேட்பதை எப்படித் தொடங்குவது என்று பிஜி வரும் வழியெல்லாம் யோசித்திருந்தாள். மூன்று மாதம். முப்பத்து மூவாயிரம். இவர் சரி என்றால் லேப் அவளுடையது. முடியாது என்றால் நெய்யாற்றின்கரைக்காரர் முழுப் பணத்தோடு காத்திருக்கிறார்.

"லோன் பாஸாச்சு சார்," என்றாள்.

"கேள்விப்பட்டேன். சந்தோஷம்." ஈசாக் சார் கனகதாஸ் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "அப்பம் ஆறு லட்சம்."

கனகதாஸ் ஒன்றும் சொல்லவில்லை. கைகள் முழங்கால்மேல் இருந்தன.

"ஆறுன்னா ஆறுதான் கனகா. நான் முதல்லயே சொல்லிட்டேன்."

கனகதாஸ் தலையை மட்டும் ஆட்டினான்.

ஈசாக் சார் காத்திருந்தார். மின்விசிறி சுற்றியது. பிஜி தவணைப் பேச்சை எடுக்க வாயைத் திறந்தாள். அதற்குள் அவரே பேசினார்.

"என்ன, கூடுதல்னு தோணுதா?"

பதில் இல்லை.

"மெஷின் பழசுதான். நான் இல்லேன்னு சொல்லல்ல. ஆனா ஓடுது இல்லியா? சென்ட்ரிஃபியூஜ் ஒரு சத்தம் போடும், அது பிஜிக்கே தெரியும். ஃப்ரிட்ஜ் கதவுல ரப்பர் போயிருக்கு. அது ஒரு பெரிய செலவு இல்ல."

கனகதாஸ் பெட்டியில் இருந்த கம்பளிச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் விலையை மனதில் மதிப்பிடுகிறான் என்று பிஜி நினைத்தாள். ஆனால் அவன் நெற்றியில் வியர்வை இருந்தது.

"எலே, நீ இப்படி இருந்தா எப்படி?" என்றார் ஈசாக் சார். குரலில் வருத்தம் தெரிந்தது. "ஒரு வாரமா நான் உனக்க கூடப் பேசத் தயாரா இருக்கேன். நீ அஞ்சு லட்சம்னு சொல்லுவ, நான் இதைச் சொல்லணும், நீ அதைச் சொல்லுவ, நான் இதைச் சொல்லணும்னு இவ எனக்குச் சொல்லித் தந்திருக்கா. நீ ஒண்ணும் சொல்லாம இருந்தா நான் எதுக்குப் பதில் சொல்ல?"

"நீங்க சொன்னதுதான் சார்," என்றான் கனகதாஸ். அவ்வளவுதான் வந்தது.

அதை ஈசாக் சார் வேறுவிதமாக எடுத்துக்கொண்டார். எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பினார்.

"நெய்யாற்றின்கரைக்காரர் நாளைக்குப் பேசுதேன், நாளைக்குப் பேசுதேன்னு ஒரு மாசமாச் சொல்லுதாரு. நீங்களும் விட்டுட்டுப் போனா நான் இந்த மெஷினைக் கட்டித் தூக்கிட்டா போவேன்? சரி. அஞ்சரை. இதுக்கு மேல ஒரு பைசா குறைக்க முடியாது. நீ எவ்வளவு நேரம் மிண்டாம இருந்தாலும் சரி."

கனகதாஸ் அப்போதும் பேசவில்லை. பேசமுடியாதவன்போல இருந்தான்.

"சரி சார்," என்றாள் பிஜி. கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டாள்.

உள்ளேயிருந்து காப்பியோடு வந்த சார் மனைவி இருவர் முகத்தையும் பார்த்து, பிறகு கணவர் முகத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு குறைச்சீங்க?"

"அவன் ஒண்ணும் கேக்கல்ல," என்றார் ஈசாக் சார்.

"அப்பம் ஏன் குறைச்சீங்க?"

ஈசாக் சார் தட்டிலிருந்து ஒரு தம்ளரை எடுத்தார். காப்பியைக் குடித்தார்கள். நன்றாக இருந்தது. சாவியைப் பத்தாம் தேதி காலை தருவதாக முடிவாயிற்று.

வெளியே வந்து ஸ்கூட்டரிடம் நின்றபோது பிஜி கேட்டாள்.

"உண்மையைச் சொல்லணும். அது நடிப்பா?"

"சத்தியமா இல்ல."

"பின்ன?"

"பயம். வாயைத் திறந்தா அஞ்சுன்னு கேட்டிருவேன்னு பயம். கேட்டு, பேசி, குறைச்சு, பிறவு அதுவும் எங்கயாவது போய் எழுதிக் கிடக்கும்னு பயம். நாக்கைக் கடிச்சுப் பிடிச்சிட்டு இருந்தேன். பாரு." நாக்கை நீட்டிக் காட்டினான். ஓரத்தில் சிவந்திருந்தது.

பிஜி தெருவிளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்தாள். ஒரு கணம் அவளுக்கு அவனை நினைக்கப் பாவமாக இருந்தது. சாலையில் ஒரு பஸ் போயிற்று. அவள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மாட்டவில்லை.

"அஞ்சுன்னு கேட்டிருந்தா தந்திருப்பாரா?"

கனகதாஸ் சாவியைத் திருகாமல் யோசித்தான். பொய் சொல்ல நினைத்ததுபோல இருந்தது. சொல்லவில்லை.

"நாலே முக்கால்."

பிஜி ஈசாக் சார் வீட்டு வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"வண்டியை எடுங்க," என்றாள். "சீக்கிரம். இல்லேன்னா நானே உள்ள போய்க் கேட்டிருவேன்."